அண்ணன் கூண்டேறிய நாள்

அண்ணன் வந்தபோது நான் கோர்ட்டிலிருந்து திரும்பி, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையாக இருப்பவர் வேலை நாளில் பதுளைக்கு இறங்கி வருவது வழக்கமில்லை. நமுனுகுல மலைச் சரிவிலிருந்து வண்டிப் பாதை வரைக்கும் நடந்து, அங்கே மாட்டுவண்டி பிடித்து வந்து சேர அரைநாள் ஆகும். ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். அதனால் அவர் தலையைப் பார்த்ததுமே ஏதோ பெரிய காரியம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. அவள் உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"நாளைக்கு எங்க தோட்டத்து வழக்கு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்குண்ணே. ஒரு பொம்பளை. தோட்டத்த விட்டு ஓடிட்டான்னு."

"நீதானே பேசப் போற?"

"தமிழுக்கு வேற யாரு இருக்கா? நான்தான்."

பதுளை பொலிஸ் கோர்ட்டில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். மாஜிஸ்ட்ரேட் வெள்ளைக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது. கூண்டில் நிற்கும் தோட்டத்து ஆட்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நான் நிற்பேன். அவர் கேட்பதை இவர்களிடம் தமிழில் சொல்லவேண்டும், இவர்கள் சொல்வதை அவரிடம் இங்கிலீஷில் சொல்லவேண்டும். நான் சொல்வதைத்தான் அவர் எழுதிக்கொள்வார். எழுதியதை வைத்துத்தான் தீர்ப்பு.

அந்தக் காலத்துச் சட்டத்தில், தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுத்த ஆள் முன்கூட்டி அறிவிக்காமல் வெளியேறினால் அது குற்றம். திருட்டுக்கு உள்ளே போவதுபோல இதற்கும் உள்ளே போகலாம். தப்பிக்க ஒரே வழி, போனதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று காட்டுவது. எழுதப் படிக்கத் தெரியாத ஆட்கள், வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள், அதைக் காட்டி விடுதலையானதை நான் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள்தான் பார்த்திருக்கிறேன்.

"என்னையும் சாட்சிக்குப் போட்டிருக்காங்க," என்றார் அண்ணன்.

பிறகு நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண் கொழுந்து பறிக்கிறவள். அவள் குழந்தைக்கு நான்கு நாளாகக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். காலைப் பெரட்டில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக ஒருநாள் லீவு கேட்டாள். பெரியதுரைக்கு அடுத்த வெள்ளைக்கார அதிகாரியான சின்னதுரை முடியாது என்றார். அவள் வரிசையை விட்டு முன்னே வந்து, "ஒங்க புள்ளைக்கு இப்படின்னா நீங்க இங்க நிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டாள். மூன்று வரிசை ஆட்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டியும் மண் கிளறும் முள்ளும் போட்டுவைக்கிற சாமான் அறையில் அவளைக் கொண்டுபோய் வைத்தார்கள். காலை ஆறு மணியிலிருந்து சாயந்திரம் கொழுந்து நிறுக்கிற நேரம் வரைக்கும் அவள் அங்கே இருந்தாள். மறுநாள் விடிகாலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் நடந்தே பதுளைக்கு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் பிடித்தார்கள்.

"அறையப் பூட்டினீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "சின்னதுரை பூட்டச் சொன்னாரு. பூட்டினேன்."

"நாளைக்கு?"

"சாத்தித்தான் இருந்துச்சு, பூட்டலன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. தோட்டத்து புரொக்டர் முந்தாநாள் வந்து எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு." வக்கீலை அங்கே புரொக்டர் என்றுதான் சொல்வோம். "தம்பி, நீ பொய் சொல்ல வேணாம். அந்தப் புள்ள 'அடைச்சுட்டாங்க'ன்னுதான் சொல்லும். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியுது. அடைக்கிறதுன்னா கதவ மூடுறதுதானே? நம்ம அம்மாகூட சாயந்திரம் கோழிக் கூட்ட அடைன்னுதானே சொல்லும்? நீ இங்கிலீஷ்ல மூடினாங்கன்னு சொல்லு. அதுல என்ன தப்பு?"

அவர் அந்தச் சொல்லை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். தப்பு எங்கே என்று என்னால் உடனே காட்ட முடியவில்லை.

"எனக்கு மூணு புள்ளைங்க இருக்கு," என்று மட்டும் கடைசியாகச் சொன்னார். வேறு எதையும் அவர் நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தவும் தேவையில்லை. அப்பா போன பிறகு பதுளைக் கடைவீதியில் இன்னொருவர் கடையில் மூட்டை தூக்கி நின்று, என்னை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர் அவர். நான் பேசுகிற இங்கிலீஷ் எனக்கு அவர் தோளில் ஏறி வந்தது.

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டு, இரவுக்குத் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டார். வழக்கு முடியும்வரைக்கும் என் வீட்டில் தங்குவது நல்லதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அளவுக்கு அவரும் யோசித்திருந்தார்.

மறுநாள் காலையில் மழை பிசுபிசுத்தது. கோர்ட்டு மண்டபத்தில் ஈரக் கம்பளி நாற்றம். வாசலண்டை தோட்டத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் குந்தியிருந்தார்கள். சின்னதுரை குதிரையில் வந்து இறங்கினார். மாஜிஸ்ட்ரேட்டின் மேடைக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலி போட்டிருந்தது. துரைமார் யார் வந்தாலும் அங்கே நாற்காலி போடுவது பதுளையில் வழக்கம். வழக்கில் அவர் ஒரு கட்சியா இல்லையா என்று யாரும் கேட்டதில்லை. நானும் அதுவரை கேட்டதில்லை.

மாஜிஸ்ட்ரேட் ஊருக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. இரக்கக்காரர் என்று பெயரெடுத்தவர் இல்லை. அன்று சளி வேறு. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எதைக் கேட்டாலும் எரிச்சலோடுதான் கேட்டார்.

அந்தப் பெண்ணைக் கூண்டில் நிறுத்தினார்கள். இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் குழந்தை. அது அழக்கூடத் தெம்பில்லாமல் அவள் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு, திறந்த கண்ணோடு கிடந்தது. குற்றச்சாட்டை நான் தமிழில் படித்தேன். குற்றவாளியா இல்லையா, போனதற்குக் காரணம் உண்டா என்று கேட்டேன்.

அவள் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னாள். "போனது நெசந்தாங்க சாமி. இல்லேங்கல. அதுக்கு முந்தின நாளு என்னைய அந்த ரூமுல அடைச்சுட்டாங்க. காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும். அதான் மறுநாளு வெடியுறதுக்குள்ள புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்."

நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். போனதை ஒப்புக்கொள்கிறாள் என்றேன். முந்தின நாள் என்றேன். அந்தச் சொல் வந்தது. வாசலில் அண்ணன் தூணை ஒட்டி நிற்பது என் கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. என் வாய் தானாகவே சின்னச் சொல்லைச் சொல்லிவிட்டது. அவளை அறையில் விட்டுக் கதவை மூடினார்கள் என்று சொன்னேன்.

மாஜிஸ்ட்ரேட்டின் பேனா விறுவிறுவென்று ஓடியது. தோட்டத்து புரொக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். மண்டபத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்ற நம்பிக்கையோடு. அதுதான் என்னை அறுத்தது. சந்தேகத்தோடு பார்த்திருந்தால் ஒருவேளை நான் அப்படியே விட்டிருப்பேன்.

பேனா வரியின் முடிவுக்குப் போவதற்குள் நான் பேசினேன்.

"ஐயா, எழுதுவதை நிறுத்தவேண்டும். நான் சொன்ன சொல்லுக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. அவள் சொன்ன தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. நான் லேசானதைச் சொன்னேன். எது என்று அவளிடமே கேட்க அனுமதி வேண்டும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கேள்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "அடைச்சாங்கன்னா, கதவச் சும்மா சாத்தினாங்களா, பூட்டினாங்களா?"

"பூட்டினாங்க சாமி. பூட்டு விழுந்த சத்தம் கேட்டுச்சு. தள்ளிப் பாத்தேன், அசையல."

அதைச் சொன்னேன். அவர் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "இத்தனை மாதமாக நீ இங்கே நிற்கிறாய். ஒரு சொல்லிலும் தடுமாறியதில்லை. இன்றைக்கு ஏன் லேசானதைச் சொன்னாய்?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. தலைவலி என்றிருக்கலாம்.

"தோட்டத்துத் தரப்பின் அடுத்த சாட்சி என் உடன்பிறந்த அண்ணன், ஐயா."

அண்ணன் முதல்நாள் என் வீட்டுக்கு வந்து சொன்னதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்பது எனக்கு இன்றும் தீராத கேள்வி. மொழிபெயர்ப்பாளன் சாட்சி இல்லை என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். அது நியாயமா, கோழைத்தனமா என்று தெரியவில்லை.

மாஜிஸ்ட்ரேட்டின் முகம் சிவந்துபோயிற்று. வழக்கை எடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லாதது பெரிய தவறு என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கண்டித்தார். வேறு தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரா என்று எழுத்தரிடம் கேட்டார். பண்டாரவளையிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், நாலைந்து நாள் ஆகும் என்றார் எழுத்தர். அதுவரை அந்தப் பெண் குழந்தையோடு மறியலில், சிறைக்காவலில், இருக்க வேண்டும். மாஜிஸ்ட்ரேட் குழந்தையை ஒருதரம் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "அவளிடம் சொல். நீ யார் என்று சொல். நீ பேசுவதற்கு அவளுக்குச் சம்மதமா என்று கேள்."

என் வாயாலேயே கேட்கவேண்டியிருந்தது. "எசமான் கேக்கச் சொல்றாரு. இப்ப வரப்போற சாட்சி கணக்கப்பிள்ளை. நான் அவருக்குக் கூடப்பொறந்த தம்பி. நான் உனக்காகப் பேசுறதுல உனக்குச் சம்மதமா?"

"ஒங்க மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சுச்சுங்க ஐயா. அச்சு அசல் அவரேதான." பிறகு கேட்டாள்: "வேற ஆளு இருக்காங்களா?"

"இன்னைக்கு இல்ல."

"அப்ப எதுக்குங்க என்னையக் கேக்குறீங்க?"

அதை ஒரு எழுத்து மாறாமல் இங்கிலீஷில் சொன்னேன். மாஜிஸ்ட்ரேட் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. விரலால் மேசையைத் தட்டிக்கொண்டு, காத்திருந்த சனங்களை நோட்டம் விட்டார். இவர்களில் தமிழும் இங்கிலீஷும் நன்றாகத் தெரிந்தவர், இந்த வழக்கில் சம்பந்தமில்லாதவர் யாராவது உண்டா என்று கேட்டார்.

கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் எழுந்தார். வண்டி மோதிய வழக்கொன்றுக்காக வந்து உட்கார்ந்திருந்தவர். துரைமார் வீடுகளுக்குத் துணி கொண்டுபோய் விற்கிறவர், ஆகவே இங்கிலீஷ் சரளம். அவரைச் சத்தியம் செய்யவைத்து, என் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நான் எங்கே பிசகினாலும் அவர் கையைத் தூக்க வேண்டும். அந்தப் பெண்ணிடம் அதைத் தமிழில் சொன்னபோது அவள் முதல்முறையாகத் தலையாட்டினாள்.

அண்ணனைக் கூப்பிட்டார்கள்.

அவர் சாட்சிக் கூண்டேறிய விதம் எனக்கு மறக்காது. ஒவ்வொரு படியிலும் ஒரு நொடி நின்று ஏறினார். சத்திய வாசகத்தை நான் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். தம்பி சொல்ல அண்ணன் சொல்லி முடித்தோம். புரொக்டர் கேட்டார். அண்ணன் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார்: அவள் சத்தம் போட்டாள், மற்ற ஆட்களைக் கிளப்பிவிடாமல் இருக்க அறையில் உட்காரச் சொன்னோம், கதவு சாத்தித்தான் இருந்தது, பூட்டவில்லை. நான் பூட்டவில்லை என்றே இங்கிலீஷில் சொன்னேன். பொய் என்று எனக்குத் தெரிந்ததை, என் அண்ணன் குரலில் கேட்டு, என் குரலில் திருப்பிச் சொன்னேன். முதலாளியின் கை அசையவில்லை. அது சரியான மொழிபெயர்ப்பு.

புரொக்டர் உட்கார்ந்தார். மாஜிஸ்ட்ரேட் அந்தப் பெண்ணைப் பார்த்து, சாட்சியை அவள் கேள்வி கேட்கலாம் என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. "யாரைங்க?"

"கணக்கப்பிள்ளைய. அவரு சொன்னதுல ஏதாச்சும் கேக்கணும்னா கேக்கலாம். அவரு பதில் சொல்லணும்."

"நானா? கணக்கப்பிள்ளைய நான் கேக்கலாமா?"

"கேக்கலாம்."

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். வாசலில் குந்தியிருந்த தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். பியூன் உட்காரச் சொல்லி அதட்டியும் உட்காரவில்லை.

"ஐயா," என்றாள் அண்ணனைப் பார்த்து. கூண்டிலும் அவர் அவளுக்கு ஐயாதான். "மத்தியானம் பிள்ளைக் காம்பராவுல இருந்து ஆயா எம்புள்ளையத் தூக்கிட்டு வந்துச்சே, பாலுக்கு அழுவுதுன்னு. ஞாபகம் இருக்குங்களா?"

பிள்ளைக் காம்பரா என்பது, தாய்மார் கொழுந்துக்குப் போயிருக்கும்போது குழந்தைகளை விட்டுவைக்கிற அறை. அதை மாஜிஸ்ட்ரேட்டுக்கு விளக்கினேன்.

"இருக்கு," என்றார் அண்ணன்.

"அப்ப நீங்க அந்த வாசல்ல நின்னீங்க. நான் சன்னல் கம்பிக்கு வெளிய கைய விட்டு எம்புள்ள காலத் தொட்டுக்கிட்டு நின்னேன். கதவு சும்மா சாத்தியிருந்தா, நான் ஏங்கையா வெளிய வந்து புள்ளைய வாங்கல?"

அண்ணன் புரொக்டரைத் திரும்பிப் பார்த்தார். பதில் சொல்லவேண்டும் என்று மாஜிஸ்ட்ரேட் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். "பதில் சொல்லணும்." அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது.

"அந்நேரம் சாவி ஒங்க மடியில இருந்துச்சா இல்லீங்களா?" என்றாள் அவள்.

அண்ணன் கூண்டின் மரக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இருந்துச்சு," என்றார். பிறகு தடுக்கமுடியாதவர்போலக் கொட்டினார். "பூட்டினேனுங்க. சின்னதுரை பூட்டச் சொன்னாரு. வேற வழியில்லாமப் பூட்டினேன். மத்தியானம் தொறந்துவிடட்டுமான்னு கேட்டேன், வேணாம்னாரு."

நான் இங்கிலீஷில் சொன்னேன். சாவி அவரிடம் இருந்தது, அவர் பூட்டினார், சின்னதுரை பூட்டச் சொன்னார், மத்தியானம் திறக்கக் கேட்டதற்கு வேண்டாம் என்றார்.

முதலாளியின் கை மேலே போயிற்று.

எதை விட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எழுந்து நின்று இங்கிலீஷில் சொன்னார்: "சாட்சி 'வேறு வழியில்லாமல்' என்று ஒரு வார்த்தை சொன்னார். அது விட்டுப்போய்விட்டது. அது அவருக்குச் சாதகமான வார்த்தை."

அண்ணனுக்குச் சலுகை காட்டிவிடக்கூடாது என்ற பயத்தில் அவருக்குச் சேரவேண்டியதை நான் பறித்திருந்தேன். மாஜிஸ்ட்ரேட் அந்த வார்த்தையைச் சேர்த்து எழுதினார். ஒருவனை நம்பி ஒரு சபை நடக்கக்கூடாது என்பது எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. நான் நல்லவனா கெட்டவனா என்பதைப் பொறுத்து அந்தப் பெண்ணின் கதியோ என் அண்ணனின் கதியோ இருந்தால் அதற்குச் சட்டம் என்று பேர் எதற்கு? பக்கத்தில் கையைத் தூக்க ஒருவர் இருந்தார். அதுதான் அன்று எங்கள் எல்லோரையும் காப்பாற்றியது.

நாற்காலியிலிருந்தபடியே சின்னதுரை, இது சுத்தப் பொய் என்று இங்கிலீஷில் உரக்கச் சொன்னார். புரொக்டரும் எழுந்து ஏதோ ஆட்சேபித்தார்.

மாஜிஸ்ட்ரேட் சின்னதுரையின் பக்கம் திரும்பாமலே பேசினார். "இந்த வழக்கில் யாராவது எதையாவது சொல்லவேண்டுமென்றால் கூண்டில் ஏறி, சத்தியம் செய்துவிட்டுச் சொல்லலாம். அங்கிருந்து சொல்வது என் காதில் விழாது."

அவரும் சின்னதுரையும் ஒரே கிளப்பில் சீட்டாடுகிறவர்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சின்னதுரை எழுந்தார். வெளியே போய்விடுவார் என்றே நினைத்தேன். அண்ணன் இறங்கிய கூண்டில் ஏறினார். மரக்கட்டையில் அண்ணனின் வேர்வைக் கை பதிந்த ஈரம் இன்னும் இருந்திருக்கும்.

துரைமார் இங்கிலீஷில் சாட்சி சொல்லும்போது அதைத் தமிழாக்கிச் சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை. அன்று மாஜிஸ்ட்ரேட் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவளுக்குத் தமிழில் சொல்லச் சொன்னார். அவளைக் குறித்துப் பேசுவது அவளுக்குத் தெரியவேண்டும் என்றார். அவள் அமைதியாகட்டும் என்று அறையில் வைக்கச் சொன்னதாகவும், பூட்டுவதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றும் சின்னதுரை சொன்னார். லீவு கேட்டது உண்மையா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். கேட்டது உண்மை என்றார். குழந்தையைப் பார்த்தீரா என்று கேட்டார். கவனிக்கவில்லை என்றார். அதையெல்லாம் நான் அவளுக்குச் சொல்லச் சொல்ல, அவள் சின்னதுரையின் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேள்வி கேட்கிறாயா என்றதற்கு வேண்டாம் என்று தலையசைத்தாள்.

தீர்ப்பு நாலு வரிதான். பகல் முழுவதும் அறையில் பூட்டிவைக்கப்பட்டவளுக்கு மறுநாள் அந்த இடத்தைவிட்டுப் போக நியாயமான காரணம் உண்டு. அவள் குற்றவாளி இல்லை. வேறு தோட்டத்தில் சேரத் தேவையான விடுதலைச் சீட்டைத் தோட்டம் அவளுக்குக் கொடுக்கவேண்டும். பூட்டிவைத்ததற்காக அவள் தனியாக வழக்குப் போட விரும்பினால் போடலாம். சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

அண்ணன் என்னிடம் பேசாமலே தோட்டத்துக்குத் திரும்பினார். நான்காம் நாள் அண்ணி, மூன்று பிள்ளைகள், தகரப் பெட்டிகளோடு ஒரு மாட்டுவண்டியில் அண்ணன் வந்து சேர்ந்தார். தோட்டத்தில் இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பொய் சொன்னதற்காக இல்லை, அந்தப் பொய்யைக் கைவிட்டதற்காக. என் வாசலில் வண்டி நின்றது. அண்ணி மட்டும் இறங்கவில்லை.

"ஒங்க தம்பி கோர்ட்டுல நின்னு இங்கிலீஷ் பேசிட்டாரு. நாங்க தெருவுக்கு வந்துட்டோம்," என்று என் காதுபடவே அண்ணனிடம் சொன்னார். வண்டியைத் தன் சொந்தக்காரர் வீட்டுக்கு ஓட்டச் சொன்னார்.

அந்த வாரமே அந்தப் பெண் கோர்ட்டு வாசலில் என்னைத் தேடி வந்தாள். குழந்தை ஆஸ்பத்திரியில் தேறிவருவதாகச் சொன்னாள். "வழக்குப் போடலாம்னாங்களே. அது யாருகிட்டங்க போடணும்?"

"யார் மேல?"

"ரெண்டு பேரு மேலயும்."

என் அண்ணன் மேல் அவள் போடும் மனுவை என் கையால் எழுதித்தர எனக்கு மனம் வரவில்லை, அது முறையும் இல்லை. எழுத்தரின் அறையைக் காட்டினேன். மனு எழுதுகிற ஆள் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று சொன்னேன். அவள் போன பிறகு ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். அவளுக்கு வழி காட்டாமல் இருந்திருந்தால் அவள் திரும்பிப் போயிருப்பாள். அதுவும் எனக்குத் தெரியும்.

அந்த வழக்குக்குப் பண்டாரவளையிலிருந்து வேறு மொழிபெயர்ப்பாளர் வந்தார். நான் முதல்முறையாகச் சனங்களோடு சனமாகப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குற்றச்சாட்டைப் படித்ததும் அண்ணன், "குற்றவாளிதாங்க," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அபராதம் போட்டார்கள். சின்னதுரை கொழும்பிலிருந்து பெரிய வக்கீலைக் கொண்டுவந்திருந்தார். பூட்டச் சொன்னதற்கு அண்ணனின் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரம் இல்லை, அவரோ தானே குற்றத்தில் பங்கு உள்ளவர் என்று வாதாடினார்கள். சின்னதுரையை விட்டுவிட்டார்கள். சட்டப்படி அது சரிதான் என்று எழுத்தர் எனக்கு விளக்கினார். கட்டளையிட்டவர் வெளியே போனார், கீழ்ப்படிந்தவர் தலைகுனிந்து நின்றார்.

வெளியே வந்தபோது அந்தப் பெண் அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றாள். நான் பயந்துபோனேன்.

"ஐயா, ஒங்க மேல எனக்கு ஆத்திரம் ஒண்ணுமில்லீங்க. அவரு சொன்னாருன்னுதான் செஞ்சீங்க. ஆனா பூட்டுனது ஒங்க கைதான."

"ஆமா," என்றார் அண்ணன். "என் கைதான்."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவளுடைய அக்கா இருந்தாள், அங்கேயே பேர் பதிந்துகொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று அண்ணன் என் வீட்டில் சாப்பிட்டார். சாப்பாடு முடிந்து கை கழுவும்போது சொன்னார். "கூண்டுல நிக்கிறப்ப உன்னைக் கொன்னுடலாம்போல இருந்துச்சுடா. பூட்டினேன்னு சொன்னதுக்கப்புறம் அது போயிருச்சு. ஏன்னு தெரியல." அவ்வளவுதான் அந்த வழக்கைப்பற்றி அவர் என்னிடம் பேசியது. பிறகு வெலிமடையில் காய்கறி வாங்கி விற்கும் ஒருவரோடு சேர்ந்துகொண்டார். அண்ணி என் வீட்டுப் படி ஏற இரண்டு வருஷம் ஆயிற்று. என் மகள் பிறந்தபோது வந்தார். பேசாமல் அடுப்படிக்குப் போய்ப் பத்தியச் சமையலைப் பார்த்துக்கொண்டார்.

இதைக் கேட்டவர்கள் சிலர் சட்டம் வென்றது என்று சொன்னார்கள். அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்த ஒரு தாயைக் குற்றவாளி என்று கூண்டில் ஏற்றியதும் அதே சட்டம்தான். அந்தக் கூண்டில் நின்றபடி கணக்கப்பிள்ளையைக் கேள்வி கேட்க அவளுக்கு வாய் கொடுத்ததும் அதுதான். இரண்டும் ஒரே காலையில் நடந்தன.

பல வருஷம் கழித்து, வேலையை விட்டுப்போவது குற்றமாகாது என்று அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். செய்தி வந்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, வழக்குப் பட்டியலில் தோட்டத்தைவிட்டு ஓடிய ஆள் என்று ஒரு பேர்கூட இல்லை. பதினொரு மணிக்கெல்லாம் கோர்ட்டு கலைந்துவிட்டது. நான் வெறும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேருடைய பேச்சை அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு எழுத்துப் பிசகாமல் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறேன். சரியாகச் சொன்னேன், அவர்கள் மறியலுக்குப் போனார்கள். அவர்களில் பாதிப்பேரின் முகம்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. பியூன் வந்து சன்னல்களைச் சாத்த ஆரம்பித்தான். எழுந்து வீட்டுக்கு நடந்தேன்.